பத்துப் பேராக ஆடிய அரையிறுதி

இளமதியைப் பள்ளிக் கால்பந்து அணிக்குக் கேப்டனாகத் தேர்ந்தெடுத்தபோது, அதில் அவளைவிட நன்றாக ஆடுகிறவர்கள் ஐந்தாறு பேர் இருந்தார்கள். அவள் யாரிடமும் சண்டைக்குப் போகமாட்டாள், யாரையும் டீச்சரிடம் போட்டுக்கொடுக்கமாட்டாள். அதற்காகத்தான் எல்லோரும் கை தூக்கினார்கள். இது அவளுக்கும் தெரியும். வல்லத்திராக்கோட்டைப் பக்கம் ஒன்றரை ஏக்கர் கடலைக் கொல்லை வைத்திருக்கும் பழனிச்சாமியின் மகள். தினமும் டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு பள்ளிக்கு வருகிறவள். பத்துப் பேருக்குப் பிடித்தவளாக இருப்பது அவளுக்கும் பிடித்திருந்தது.

அவள் பிளஸ் டூ படித்த ஆண்டு, அந்த அரசுப் பள்ளிப் பெண்கள் அணி முதன்முறையாக மாவட்ட அரையிறுதிக்கு வந்தது. மொத்தமே பன்னிரண்டு பேர் கொண்ட அணி. முதல் பாதியிலேயே ஒருத்திக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டதால் பன்னிரண்டாவது பெண்ணும் உள்ளே வந்துவிட்டாள். இனி யார் வெளியே போனாலும் மாற்று ஆள் இல்லை.

இரண்டாம் பாதி தொடங்கிப் பதினைந்தாவது நிமிடத்தில் ஷர்லி கோல் போட்டாள். அணியின் முன்வரிசை ஆட்டக்காரி அவள்; இளமதி பின்வரிசை. இளமதியோடு ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. இறுதி ஆட்டத்தைப் பார்க்க மாநில அணிக்கு ஆள் எடுப்பவர்கள் வருகிறார்கள் என்று பேச்சு. அவர்கள் கண்ணில் பட்டுவிட்டால் சென்னையில் ஒரு கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கிடைக்கும் என்று ஷர்லி நம்பியிருந்தாள். அன்று அவள் அம்மா அடைக்கலமேரி தைக்க வந்த துணிகளையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு, மைதானத்து ஓரத் தைலமர நிழலில் வந்து உட்கார்ந்திருந்தார்.

கோல் விழுந்த ஐந்தாவது நிமிடம், உயரமாக வந்த பந்துக்கு ஷர்லியும் எதிரணிப் பெண்ணும் ஒன்றாக எம்பினார்கள். தலையும் தலையும் மோதிய சத்தம் இளமதிக்குக் கேட்டது. இருவரும் விழுந்தார்கள். எதிரணிப் பெண் அழுதாள். ஷர்லி எழுந்து, முழங்காலில் ஒட்டிய செம்மண்ணைத் தட்டிவிட்டுச் சிரித்தாள். ரெஃப்ரி கேட்டதற்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். ஆட்டம் தொடர்ந்தது.

பந்து வெளியே போன ஒரு சமயத்தில் ஷர்லி இளமதியின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஸ்கோர் என்னடி?"

கூச்சலில் மறந்திருப்பாள் என்று நினைத்து, ஒன்று பூஜ்யம் என்றாள் இளமதி. சிறிது நேரம் கழித்து ஷர்லி மறுபடி அதையே கேட்டாள். இந்தத் தடவை இளமதி திருப்பிக் கேட்டாள்.

"கோல் போட்டது யாரு, சொல்லு."

ஷர்லி யோசித்தாள். "மீனம்மாளா?" என்று அணியிலிருந்த இன்னொருத்தியின் பெயரைச் சொன்னாள்.

கேட்ட இளமதியின் முகத்தைப் பார்த்ததும் ஷர்லிக்கே ஏதோ புரிந்துவிட்டது போலிருக்கிறது. அவள் இளமதியின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "யார்ட்டயும் சொல்லாத. ரெண்டு நிமிசத்துல சரியாயிரும். ஒன்னக் கும்புடுறேன், சொல்லிறாத."

இளமதி சொல்லவில்லை. அடுத்த நான்கு நிமிடங்களும் அவள் எதுவும் சொல்லவில்லை. கோட்டுக்கு வெளியே நின்ற, அணிக்குப் பயிற்சி தரும் சுகுணா டீச்சரின் கைக்கடிகாரத்தையும், ஷர்லியின் கால்களையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டே ஆடினாள். இன்னும் பத்து நிமிடம். ஜெயித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். ஷர்லி ஓடிக்கொண்டுதான் இருக்கிறாள். ஆனால் நேராக ஓடவில்லை. லேசாக இடப்பக்கம் சாய்ந்தாள். ஒருமுறை தன் கோல் இருக்கும் திசையிலேயே ஓடத் தொடங்கி, நின்று, சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை.

எதிரணிக்குக் கார்னர் கிடைத்தது. எல்லோரும் கோல் முன்னால் குவிந்தார்கள். வளைந்து வந்த பந்து நேராக ஷர்லியின் தலைக்குத்தான் வந்தது. அவளும் கண்ணை மூடிக்கொண்டு எம்பத் தயாரானாள். இளமதி என்ன செய்கிறோம் என்று யோசிக்கவில்லை. தோளால் இடித்து ஷர்லியை ஓரமாகத் தள்ளிவிட்டு, தன் தலையால் பந்தை வெளியே அனுப்பினாள். பிறகு நேராக ரெஃப்ரியிடம் நடந்தாள்.

"சார், எங்க பத்தாம் நம்பருக்கு நெனவு சரியா இல்ல. வெளிய அனுப்புங்க."

கோட்டருகே வந்த சுகுணா டீச்சருக்கு முகம் சிவந்திருந்தது. பிள்ளை நன்றாகத்தானே ஓடுகிறாள், அவளே ஒன்றுமில்லை என்கிறாள், ஒனக்கு என்ன என்று கேட்டார். மீனம்மாள் குறுக்கே வந்து, இன்னும் ஆறே நிமிடம்தான் என்று கெஞ்சினாள். ஷர்லி இளமதியைப் பார்க்கவே இல்லை. ரெஃப்ரி அவளிடம், இன்று என்ன கிழமை என்று கேட்டார். அவளால் சொல்ல முடியவில்லை. அடைக்கலமேரி ஓடிவந்து மகளைத் தாங்கி, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

பத்துப் பேரை வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் தாக்குப்பிடித்தார்கள். கடைசி நிமிடத்தில் எதிரணி கோல் போட்டுச் சமன் செய்தது. டைபிரேக்கரில், முதலில் அடிக்க வேண்டிய ஷர்லி இல்லாததால், மீனம்மாள் அடித்தாள். பந்து கம்பத்துக்கு மேலே போனது. இளமதி தன்னுடையதைக் கோலாக்கினாள். அது போதவில்லை, தோற்றார்கள்.

வேனில் யாரும் அவளோடு பேசவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோதுதான் சுகுணா டீச்சர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: ஸ்கேனில் ஒன்றும் இல்லை, மூளை அதிர்ந்திருக்கிறதாம், ஒரு மாதம் விளையாடக் கூடாதாம். இளமதிக்கு அழுகை வந்தது. மற்றவர்கள் காதில் 'ஒன்றும் இல்லை' என்பது மட்டும்தான் விழுந்தது. பின் சீட்டிலிருந்து மீனம்மாள் சொன்னாள்:

"ஒன்னுமில்லாததுக்குத்தான் ஆட்டத்த விட்டமா?"

அடுத்த திங்கட்கிழமை கேப்டனை மாற்ற ஓட்டெடுத்தார்கள். மீனம்மாளுக்கு ஒன்பது கைகள் எழுந்தன. இளமதி கையிலிருந்த கேப்டன் பட்டையைக் கழற்றி அவளிடம் கொடுத்தாள். அணியை விட்டே போய்விடுவாள் என்றுதான் பலரும் நினைத்தார்கள். மறுநாள் காலை ஆறு மணிக்கு மைதானத்தில் ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். முதல் மூன்று வாரம் யாரும் அவளுக்குப் பந்து போடவில்லை. பந்து வராத இடத்தில் நின்றுகொண்டு, தான் மறிக்க வேண்டிய ஆளை விடாமல் மறித்துக்கொண்டிருந்தாள். மீனம்மாள் கத்திச் சொன்னதையெல்லாம் செய்தாள். ஒருநாள் மீனம்மாள் பின்னால் திரும்பிப் பார்க்காமலேயே அவளுக்குப் பந்தைத் தள்ளிவிட்டாள். அதன் பிறகு அதுவே வழக்கமாகிப் போனது.

தோல்வியைவிட அவளை அரித்தது அந்த நான்கு நிமிடங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷர்லியின் வீட்டுக்குப் போனாள். தையல் மெஷினில் இருந்த அடைக்கலமேரி ஒன்றும் கேட்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டார். கட்டிலில் இருந்த ஷர்லி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"எனக்கு அப்பவே தெரியும்டி," என்றாள் இளமதி. "நீ ரெண்டாவது தடவ கேட்டப்பவே தெரியும். ஜெயிச்சுருவம்னு நாலு நிமிசம் வாய மூடிக்கிட்டு இருந்தேன். அதுக்குள்ள ஒனக்கு எதாச்சும் ஆயிருந்தா..."

மெஷின் சத்தம் நின்றது. அடைக்கலமேரி ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நாலு நிமிசம் கழிச்சாவது சொன்னியே," என்றார்.

"என் சீட்டு போச்சு," என்றாள் ஷர்லி, சுவரைப் பார்த்தபடியே. அது உண்மைதான். அடைக்கலமேரி வைத்த டீ ஆறும்வரை இளமதி உட்கார்ந்திருந்துவிட்டு, வாரேன் என்று எழுந்தாள். வாசல்வரை ஷர்லி வந்தாள். அவ்வளவுதான். பழையபடி ஒரே பெஞ்சில் ஒட்டிக்கொண்டு உட்கார்வதெல்லாம் அதன் பிறகு நடக்கவில்லை.

ஷர்லி இப்போது திருச்சியில் பிசியோதெரபி படிக்கிறாள். கிறிஸ்துமஸுக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் வாழ்த்து வருகிறது. இளமதி புதுக்கோட்டையிலேயே கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. அங்கேயும் பின்வரிசையில்தான் ஆடுகிறாள். போன மாதம் அணியில் அவளைக் கேப்டனாக இருக்கச் சொன்னார்கள். ஒருநாள் அவகாசம் வாங்கிக்கொண்டு, மறுநாள் எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னாள்:

"அடிபட்டவள நான் வெளிய போகச் சொன்னா போயிறணும். சண்டைய அப்பறம் வச்சுக்கலாம். இதுக்குச் சம்மதம்னா இருக்கேன்."

அதெப்படி, டாக்டரா நீ என்று இரண்டு பேர் எதிர்த்தார்கள். அரை மணி நேரம் வாக்குவாதம் நடந்தது. இளமதி குரலை உயர்த்தவில்லை, இறங்கியும் வரவில்லை. கடைசியில் ஓட்டுக்கு விட்டார்கள். அந்த இரண்டு பேரையும் சேர்த்து ஆறு பேர் கை தூக்கவில்லை. எட்டுப் பேர் தூக்கினார்கள்.