வெள்ளிக்கிழமை காலைப் பிரதி

தொண்ணூறுகளின் கடைசியில், அம்பத்தூர் மேனாம்பேட்டில் ஒரு மாடி அறையில் நடந்தது இது. நானும் என் நண்பனும் கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்க ஒரு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தோம். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். அதில் எங்களுக்கு அவ்வளவு பெருமை.

எழுத எழுத ஒவ்வொரு நிலையையும் தனித்தனிப் பிரதியாகப் பதிந்து வைப்போம். வெளியிடும் நாளில் அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து 1.0 என்று பெயர் ஒட்ட வேண்டும். எதில் ஒட்டுவது என்பதை நான் பெரிய விஷயமாகவே நினைக்கவில்லை. கடைசியாக இருப்பதுதானே நன்றாக இருக்கும்!

எங்களுக்காகச் சோதித்துப் பார்த்தவர் பக்கத்துத் தெரு அக்கா. மாதா கோயில் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். ஒரு வாரம் விடாமல் அடித்து, சேமித்து, திறந்து பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை காலை "சரியா கீது, வெளிய வுட்டுடுங்க" என்றார். சேமிக்க மட்டும் நேரமாகிறது என்று ஒரு சின்னக் குறை சொன்னார். எனக்குக் கை சும்மா இருக்குமா? மத்தியானமே அந்த இடத்தில் இரண்டு வரி மாற்றினேன். கண் மூடித் திறப்பதற்குள் சேமித்தது. அதிலேயே 1.0 என்று ஒட்டி, பிரவுசிங் சென்டருக்குப் போய் இணையத்தில் ஏற்றிவிட்டு, அக்காவுக்கும் ஒரு ஃப்ளாப்பி கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து ஞாயிறு; இறந்தவர்களை நினைக்கும் கல்லறைத் திருநாளை ஒட்டி வந்த ஞாயிறு. பூசை முடிந்ததும் அக்கா நேராக எங்கள் அறைக்கு வந்து, கோயிலில் கொடுத்த அச்சுத் தாளை மேசைமேல் போட்டார். பூசையில் வாசிக்க வேண்டிய இறந்தவர்களின் பட்டியல். சனிக்கிழமை நான் கொடுத்த 1.0-இல் அடித்துச் சேமித்து, திறந்து பார்க்காமல் அப்படியே அச்சகத்துக்குக் கொடுத்திருக்கிறார். கடைசி ஐந்து பெயர்களைக் காணோம். நான் மாற்றிய இரண்டு வரிதான் அவற்றை விழுங்கியிருந்தது.

"புருஷன் பேரு இன்னாத்துக்கு வுட்டுப்போச்சுன்னு ஒரு அம்மா என்னாண்ட அழுவுது. நான் பார்த்தது ஒண்ணு, நீ வெளிய வுட்டது ஒண்ணு. அப்போ ஒரு வாரம் நான் இன்னாத்துக்குக் குந்திப் பார்த்தேன்?"

அக்கா கீழே இறங்கியதும் நண்பன் வழி சொன்னான். "ரெண்டு வரிய சரி பண்ணி, அதே நம்பர்ல மாத்தி வச்சிடு மச்சான். காதும் காதும் வச்ச மாதிரி முடிஞ்சிடும்."

முடியவே முடியாது என்றேன். ஏற்கெனவே எடுத்துக்கொண்டவர்களிடம் இருப்பதும் 1.0. பெயரை மாற்றாமல் உள்ளே இருப்பதை மட்டும் மாற்றினால், தங்களுடையது பழுதானது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? இன்னொரு அவசரத் திருத்தத்துக்கும் நான் தயாராக இல்லை. அக்கா பார்த்த வெள்ளிக்கிழமை காலைப் பிரதியையே தேடி எடுத்து, அதற்கு 1.0.1 என்று பெயர் ஒட்டினேன்.

"பழசுக்குப் புது நம்பரா?" என்று நண்பன் தலையில் அடித்துக்கொண்டான்.

கொட்டுகிற மழையில் பிரவுசிங் சென்டருக்கு ஓடி, அதை ஏற்றினேன். 1.0 கடைசி வரிகளைத் தின்கிறது, தவறு என்னுடையது, உடனே மாற்றிக்கொள்ளுங்கள் என்று எழுதிப் போட்டேன். ஒரு வார்த்தையைக் கூட மழுப்பவில்லை.

மறுநாள் அக்கா 1.0.1-இல் அந்தப் பட்டியலை மறுபடி அடித்தார். மெதுவாகத்தான் சேமித்தது. மூடித் திறந்து, ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் பார்த்தார். கடைசிப் பெயரில் அவர் விரல் வந்து நின்றது; ஒன்றும் விடுபடவில்லை. அடுத்த ஞாயிறு பூசையில் அந்த ஐந்து பெயர்களையும் வாசித்தார்கள்.

இன்றும் வெளியீட்டுக்குப் பெயர் ஒட்டக் கை போகும்போதெல்லாம், 'இதை யார் குந்திப் பார்த்தது?' என்று அந்த அக்கா பக்கத்தில் நின்று கேட்பதுபோல இருக்கிறது; பதில் சொல்ல முடியாவிட்டால் கையை எடுத்துவிடுகிறேன்.