பாலிஷ் போட்ட ரகசியம்

ஷூவின் மூக்கில் மூச்சை ஊதி, பழைய பனியன் துணியால் தேய்த்து, விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு மறுபடியும் ஊதுகிறார் அத்தான். வாசற்கதவை ஒட்டிய செருப்பு அலமாரிக்கு முன்னால் ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார். இடது ஷூ முடிந்துவிட்டது. அதில் டியூப் லைட் முழு நீளத்துக்குத் தெரிகிறது. சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த அக்கா என்னைப் பார்த்தாள். நான் அக்காவைப் பார்த்தேன். இரண்டு பேரும் பெருமூச்சு விட்டோம்.

அத்தான் ஷூவுக்குப் பாலிஷ் போட்டால் மறுநாள் யாரையோ திடுக்கிட வைக்கப் போகிறார் என்று அர்த்தம். அது அவருடைய தொழில். ஒன்பது மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் தீப் பாதுகாப்பு அதிகாரி. தீ பிடிக்காமல் பார்த்துக்கொள்வது பாதி வேலை; பிடிக்காத நாளில் பிடித்ததுபோல் எல்லோரையும் ஓட வைப்பது மீதி வேலை. மாதம் ஒரு முறை, யாருக்கும் சொல்லாமல் அபாய மணியை அடிப்பார். மாடிக்காரர்கள் எல்லாரையும் படிக்கட்டு வழியாக இறக்கி, வண்டி நிறுத்தும் இடத்தில் வரிசையாக நிற்க வைத்து, ஸ்டாப்வாட்ச்சை அமுக்குவார். யாருக்கும் சொல்லாமல் என்பது அத்தானின் நம்பிக்கை.

அதே கட்டடத்தில் மூன்றாம் மாடிக் கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. அதனால் மறுபக்கமும் தெரியும். அன்று காலை அவர் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்ததுமே வரவேற்பு மேசைப் பெண் அவர் முகத்தைப் பார்க்க மாட்டாள், காலைப் பார்ப்பாள். பார்த்துவிட்டு மாடி மாடியாகப் போன் போடுவாள். "சார் காலு இன்னிக்குப் பளபளன்னு இருக்கு. டீயைச் சீக்கிரம் குடிச்சு முடிச்சிருங்க." மணி அடிக்கும்போது பெண்கள் கைப்பையை மாட்டிக்கொண்டும் ஆண்கள் சார்ஜரைப் பையில் போட்டுக்கொண்டும் படிக்கட்டுக் கதவுப் பக்கம் தயாராக நிற்பார்கள். மாடிக்கு ஒருவர் "ஐயையோ" என்று சொல்ல வேண்டும். அதற்கு முறை வைத்திருக்கிறோம்.

கீழே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பார் அத்தான். "நாலு நிமிஷம். எதிர்பாராத நேரத்துல, நாலே நிமிஷம்." தாடையை உள்ளே இழுத்து, குரலை வயிற்றில் எங்கோ இறக்கி, ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஒரு ஆள் நுழையும் அளவு இடம் விட்டுப் பேசுவார். அவர் பேசி முடித்த பிறகும் சுவரில் எங்கோ ஒலிபெருக்கி இருக்கிறதா என்று தேடத் தோன்றும். வீட்டில் உப்பு கேட்டாலும் இதே குரல்தான். டீ நேரத்தில் எங்கள் மாடிக்காரர்களுக்கு நான் இதை அப்படியே நடித்துக் காட்டுவதுண்டு.

ஒரு தடவை உண்மையாகவே புகை வந்தது. ஆறாம் மாடியில் டோஸ்டர் ஒன்று தன் இஷ்டத்துக்குக் கருகிக்கொண்டிருந்தது. மணி அலறியது. ஒருவரும் நாற்காலியை விட்டு எழவில்லை. அத்தான் மூச்சிரைக்க ஓடி வந்ததைப் பார்த்தார்கள். ஷூவில் நேற்றைய சேறு. பாலிஷ் இல்லை, ஆகவே ஒத்திகை இல்லை, ஆகவே மணிதான் கெட்டுப்போயிருக்கிறது என்று முடிவு கட்டி, வேலையைத் தொடர்ந்தார்கள். கடைசியில் யாரோ பிளக்கைப் பிடுங்கினார்கள். இதிலிருந்து அத்தான் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றே ஒன்று. "விசில் சத்தம் பத்தல, மாப்ள." மறுவாரமே கால்பந்து நடுவர்கள் ஊதுகிற பெரிய விசில் ஒன்று அவர் கழுத்தில் தொங்கியது. வீட்டிலும் தொங்குகிறது. குளிக்கும்போது மட்டும் ஆணியில் தொங்கும்.

இப்படிப்பட்டவருக்கு ஒரு நாள், மனைவியைத் திடுக்கிட வைக்க வேண்டும் என்று ஆசை வந்தது.

எங்கோ ஒரு வீடியோவில் இளம் தம்பதி ஒன்று மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டுவதையும், ராத்திரியில் புல்தரையில் மல்லாந்து நட்சத்திரம் பார்ப்பதையும் பார்த்திருக்கிறார். அக்காவுக்குச் சொல்லாமல் ஒரு சனி, ஞாயிறு அவளை மலைக்குக் கூட்டிப்போவது என்று தீர்மானித்தார். சீசனில் அல்ல. சீசன் முடிந்து, கடைகள் சாத்தி, மேகம் இறங்கி உட்கார்ந்துகொள்கிற மாதத்தில். தங்கும் விடுதிக்காரர் போனில் தயங்கித் தயங்கி, இப்போது வந்தால் வானமே தெரியாது என்று சொல்லியிருக்கிறார். அத்தான் அவரிடம், வானம் எங்கேயும் போய்விடாது, கூட்டம் இருக்குமா இருக்காதா என்று கேட்டார். இருக்காது என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. கூட்டம் என்றாலே அவருக்கு ஒரே வாசலில் முட்டி மோதுகிற ஜனம்தான் கண்ணுக்குத் தெரியும். யாரும் இல்லாத இடம்தான் அவருக்கு அழகான இடம்.

என்னிடம் இதைச் சொல்ல இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவிலுள்ள படிக்கட்டுத் திருப்பத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே கேமரா கிடையாதாம். "ரகசியம்ங்கிறது ஒரு ஒழுக்கம், மாப்ள. எல்லாராலயும் முடியாது. நீ யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது." அவர் ரகசியக் குரலில் பேசினால் சாதாரணக் குரலைவிட இரண்டு மாடி கூடுதலாகக் கேட்கும். அதற்குள் வரவேற்பு மேசைப் பெண்ணிடம் சொல்லியிருந்தார். முதல் மாடிப் பல் டாக்டரிடம் சொல்லியிருந்தார். பால் போடுகிறவரிடம் சனி, ஞாயிறு வேண்டாம் என்று சொல்லியிருந்தார். அவர்கள் எல்லோரிடமும் ரகசியம் ஒரு ஒழுக்கம் என்றும் சொல்லியிருந்தார். எதிர்வீட்டு அம்மாள் அக்காவை வழியில் பிடித்து, செடிக்குத் தண்ணீர் நான் ஊற்றிக்கொள்கிறேன், நீங்கள் நிம்மதியாகப் போய்விட்டு வாருங்கள் என்று கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

சொல்லாதவர்களுக்கும் தெரிந்துவிடும்படி விசாரணை வேறு நடந்தது. அக்கா துணி மடித்துக்கொண்டிருப்பாள். அத்தான் ஜன்னலைப் பார்த்தபடி கேட்பார். "பொதுவா, உனக்குக் குளிர் பிடிக்குமா?" இன்னொரு நாள், "பொதுவா, சைக்கிள் ஓட்டத் தெரிஞ்சவங்களுக்கு மறந்து போகுமா?" பொதுவா என்ற சொல்லைப் போர்வை மாதிரி போர்த்திவிட்டால் உள்ளே யானையே இருந்தாலும் தெரியாது என்பது அவர் எண்ணம். ஒரு மாலை அக்கா டிவி பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து வந்து, டேப்பைப் போட்டு அவள் தலையைச் சுற்றி அளந்தார். ஹெல்மெட்டுக்கு. அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பொதுவா அளக்கறீங்களா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை, பெரும்பாலும் இரவு ஷிஃப்ட். ஊர் எழுந்திருக்கும்போது படுப்பாள். குக்கர், காலிங் பெல், அத்தானின் விசில் என்று ஒவ்வொன்றாக வந்து எழுப்பிவிட்டுப் போகும். சனியும் ஞாயிறும் சேர்ந்தாற்போல் விடுமுறை கிடைப்பது அவளுக்கு அபூர்வம். இந்தத் தடவை கிடைத்தது. அத்தான் குறி வைத்ததும் அதே சனி, ஞாயிறைத்தான்.

"எனக்கு எந்த மலையும் வேணாம்டா," என்றாள் என்னிடம். "ரெண்டு நாள் தூங்கணும். யாரும் எழுப்பக் கூடாது. நானா முழிக்கணும். அவ்வளவுதான்."

அதை அத்தானிடமே சொல்லிவிட வேண்டியதுதானே என்றேன்.

"சொன்னேனே. மலைக் காத்துல தூக்கம் நல்லா வரும்னாரு. சொல்லிட்டு நாக்கைக் கடிச்சுக்கிட்டாரு. அப்புறம் பொதுவா சொன்னேன்னாரு." சிரிக்கத்தான் முயன்றாள், கொட்டாவிதான் வந்தது. "ஆசையா பண்றாருடா. வேணாம்னு எப்படிச் சொல்றது?"

இந்த ஆசைதான் எனக்குச் சகிக்கவில்லை. ஒருத்திக்கு என்ன வேண்டும் என்று கேட்காமல் அவளுக்காக உயிரை விடுகிற ஆசை. ஹெல்மெட் வாங்கத் தலையின் சுற்றளவு வரை தெரிந்து வைத்திருந்தார். அந்தத் தலை எத்தனை நாளாகத் தலையணையைப் பார்க்கவில்லை என்பது தெரியாது.

ஒத்திகை இல்லாமல் அத்தான் எதுவும் செய்ய மாட்டார். முந்தின ஞாயிறு, காலியாகக் கிடந்த அலுவலக வண்டி நிறுத்தத்தில் வாடகை சைக்கிளை ஓட்டிப் பார்த்தார். ஹெல்மெட், முழங்கால் உறை, இருட்டில் மின்னுகிற மேலங்கி. வலப்பக்கம் திரும்ப வலக்கையை நீட்டினார். நீட்டியதும் சைக்கிள் இடப்பக்கம் போனது. வெளியே போகும் வழி என்று பச்சை எழுத்தில் எழுதிய ஒவ்வொரு பலகைக்கு முன்னாலும் நிறுத்தி, இரு பக்கமும் பார்த்து, மறுபடி மிதித்தார். காவலாளி என்னிடம் வந்து, சாருக்கு வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று மெதுவாகக் கேட்டார். மனைவியைத் திடுக்கிட வைக்கும் பயணத்துக்கு என்னையும் சேர்த்துக்கொண்டார். சைக்கிளை வேனில் கட்டி எடுத்து வர ஓர் ஆள் வேண்டுமாம்.

சனிக்கிழமை காலை அக்கா ஷிஃப்ட் முடிந்து, கண் ரெண்டும் சிவந்து, வந்தாள். வந்ததும் படுக்கையில் விழுந்து போர்வையை இழுத்துத் தலைவரை மூடிக்கொண்டாள். அத்தான் கதவுக்குப் பின்னால் பளபளக்கும் ஷூவோடு ஒளிந்துகொண்டிருந்தார். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு உள்ளே பாய்ந்து விசிலை ஊதினார். எதிர்வீட்டு அம்மாளின் ஜன்னல் திறந்தது. அக்கா போர்வையை விலக்கினாள். ஸ்வெட்டர் போட்டிருந்தாள், கால்களில் கேன்வாஸ் ஷூவும் இருந்தது. கட்டிலுக்கு அடியிலிருந்து பையை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றாள். "ஐயையோ," என்றாள். எங்கள் மாடியில் யாரும் அவ்வளவு சுரத்தில்லாமல் சொன்னதில்லை.

அத்தான் ஸ்டாப்வாட்ச்சைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "ஒரு நிமிஷம்கூட ஆகல, மாப்ள. பாத்துக்க. இவளை மாதிரி ஒரு ஆள் எந்த மாடியிலயும் இல்ல."

மலை ஏறும்போது அக்கா ஜன்னலில் தலை சாய்ப்பாள். அத்தான் தோளைத் தட்டுவார். "ஏம்மா, பள்ளத்தாக்கு பாரு." வெளியே துவைத்துப் போட்ட வேட்டி மாதிரி வெறும் வெள்ளை. அடுத்த வளைவில் நீர்வீழ்ச்சி பாரு என்பார். அதே வெள்ளை. விடுதியில் எங்களைத் தவிர ஒரு காவலாளி மட்டும். சமையல்காரர் லீவில் போயிருந்தார், வெந்நீர்க் குழாயும் அவரோடு போய்விட்டது போலிருந்தது. அத்தான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு காலியான சாப்பாட்டுக் கூடத்தைப் பார்த்தார். தாஜ்மகாலைப் பார்ப்பவர் முகத்தில்கூட அப்படி ஒரு நிறைவு இருக்காது. "பாத்தியா? கூட்டமே இல்ல."

மதியம் சைக்கிள். மேகத்துக்குள் முன்னால் அத்தான், பின்னால் அக்கா, அவளுக்குப் பின்னால் வேனில் நான். ஒரே ஓர் ஆளைப் பார்த்து "வரிசை கலையாம வாங்க, இடைவெளி விடுங்க" என்று கத்திக்கொண்டே போனார். இறக்கத்தில் அக்காவின் சைக்கிள் தயங்கியது, ஒரு பக்கமாக ஒதுங்கியது, ஓரத்துப் புதருக்குள் மெல்லப் போய்ப் படுத்துக்கொண்டது. நான் பதறிப்போய் இறங்கி ஓடினேன். அடி ஒன்றும் படவில்லை. சைக்கிள் மேலேயே கண்ணயர்ந்திருக்கிறாள். அத்தான் திரும்பி வந்து, அவள் முழங்கையிலிருந்த இலையைத் தட்டிவிட்டார். வண்டிகளுக்கு நடுவில் விட வேண்டிய இடைவெளியைப் பற்றி விளக்கினார். கடைசியில், "இதுக்குத்தான் உனக்கும் ஒரு ஒத்திகை வச்சிருக்கணும்," என்றார். அக்கா கொட்டாவி விட்டாள். அதை அவர் ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டார்.

பொழுது சாய்ந்ததும் புல்தரையில் தொலைநோக்கியை நிறுத்தினார். மேலே கம்பளி விரித்த மாதிரி மேகம். கொஞ்சம் படுத்துக்கொள்கிறேன் என்று அக்கா அறைக்குப் போனாள். "படு, படு. மேகம் கலைஞ்சதும் நான் எழுப்பறேன்," என்றார், விசிலைத் தடவியபடி. நான் வாழ்க்கையில் முதன்முறையாக மேகத்துக்காக வேண்டிக்கொண்டேன்.

வேண்டுதல் பலிக்கவில்லை. எங்கிருந்தோ ஒரு காற்று வந்து மேகத்தை அப்படியே சுருட்டிக்கொண்டு போனது. எல்லா மாடியிலும் ஒரே நேரத்தில் விளக்குப் போட்டது மாதிரி வானம். நானும் அண்ணாந்துவிட்டேன். அத்தான் வாயைத் திறந்தபடி நின்றார். அந்தக் கொஞ்ச நேரத்துக்கு அவரை நடித்துக் காட்டுவது எனக்கு முடியாத காரியம். அதில் செய்துகாட்ட ஒன்றுமே இல்லை. அப்புறம் தன்னிலைக்கு வந்து அறையை நோக்கி ஓடினார், ஈரப் புல்லில் ஷூ சளக் சளக்கென்று சத்தம் போட. நானும் பின்னாலேயே ஓடினேன், தடுக்க முடிந்தால் தடுக்கலாமே என்று.

அக்கா சுவர் பக்கம் திரும்பிச் சுருண்டிருந்தாள். அத்தான் கட்டிலருகே போய்க் காலைச் சேர்த்து நின்று, விசிலை உதட்டில் வைத்து, நெஞ்சு விரிய மூச்சை இழுத்தார்.

போர்வைக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்தது. உள்ளங்கை மேல்நோக்கி விரிந்திருந்தது.

"கொடுங்க," என்றாள் அக்கா, கண்ணைத் திறக்காமல்.

இழுத்த மூச்சை என்ன செய்வதென்று தெரியாமல் அத்தான் நின்றார். கன்னம் உப்பி, முகம் சிவந்தது. ஜன்னலைப் பார்த்தார், கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் விட்டத்தைப் பார்த்தேன். கை அப்படியே நீட்டியபடி இருந்தது, ரத்தம் எடுக்கக் காத்திருப்பவர் கை மாதிரி. மூச்சை மூக்கு வழியாகச் சத்தமில்லாமல் விட்டுவிட்டு, கயிற்றைத் தலைவழியே கழற்றி, விசிலை அந்தக் கையில் வைத்தார். விரல்கள் மூடின. கை போர்வைக்குள் போய்விட்டது.

அத்தான் குனிந்து ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். சாக்ஸ் காலோடு, ஓசைப்படாமல், பின்பக்கமாகவே நடந்து வாசலுக்கு வந்தார். கதவை அரை விரல் இடுக்கு விட்டுச் சாத்தினார். சாத்திவிட்டு, பழக்கதோஷத்தில், சட்டைப்பையிலிருந்து ஸ்டாப்வாட்ச்சை எடுத்து அமுக்கினார்.