ராணியின் கிணறும் என் கையெழுத்தும்

“அக்கா, எங்க அக்கா காலையில எங்கள விட்டுப் போயிட்டாங்க” என்று ராணியின் தம்பி மாத்தளை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்தபோது நான் அலுவிகாரையில் பஸ்சுக்கு நின்றிருந்தேன். இரண்டு நாளில் வீட்டுக்கு வந்துவிடுவேன் என்று அவள்தான் சொல்லியிருந்தாள். நானும் நம்பிவிட்டேன், மடச்சி.

உங்களில் பலருக்குப் புஷ்பராணி பௌதிகவியல் விரிவுரையாளர். எனக்கு, வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றில் நான்கு வருடம் பக்கத்து மேசைக்காரி. இரு குறைகடத்தி அடுக்குகளுக்கு நடுவே மிக மெல்லிய வேறோர் அடுக்கை வளர்த்து, இலத்திரன்களை அதற்குள் சிக்கவைப்பது எங்கள் வேலை. அதற்குக் குவாண்டம் கிணறு என்று பெயர்.

அந்தப் பெயர் படுத்திய பாடு! கலேவெலயில் ஒரு கல்யாண வீட்டில் அவளுடைய மாமா ஒருவர், “கிணத்தப் பத்தித்தானே படிச்சிருக்கீங்க? எங்க காணியில எங்க தோண்டினா தண்ணி வரும்?” என்று கேட்டுவிட்டார். நான் சிரித்தேன். ராணி சிரிக்கவில்லை. “என் கிணத்துல ஒரு சொட்டுத் தண்ணி நிக்காது மாமா. நூறு அணு ஆழங்கூட இல்ல. ஆனா எந்த இடத்துல தோண்டுறோங்கிறதுதான் உங்களுக்கு முக்கியம், எந்தப் பக்கம் வெட்டுறோங்கிறதுதான் எனக்கு முக்கியம்” என்றாள். மாமா நியாயந்தான் என்று தலையாட்டினார்.

அவள் சொன்னது உண்மை. கிணற்றை வளர்க்கும் அடித்தகடு, படிகத்தின் எந்தத் தளத்தில் வெட்டப்பட்டது என்பதே எல்லாவற்றையும் மாற்றும். அதே கலவை, அதே தடிப்பு. ஆனால் ஒரு வெட்டில் கிணற்றின் அடி மட்டமாக இருக்கும், இன்னொன்றில் உள்ளே எழும் மின்புலத்தால் சரியும். வெளிவரும் ஒளியின் நிறமே மாறிவிடும். பார்வைக்கு இரண்டு தகடும் ஒரே மாதிரிக் கண்ணாடித் துண்டுகள்தான். பெட்டியில் ஒட்டிய லேபலைத்தான் நம்ப வேண்டும்.

லேபல் எழுதியவள் நான். ஒருநாள் இரண்டையும் மாற்றி ஒட்டிவிட்டேன்.

ராணியின் முடிவுகள் தலைகீழாக வந்தன. கூட்டத்தில் எல்லார் முன்னாலும் தலைமை ஆய்வாளர் அவளைக் கவனமில்லாதவள் என்றார். அவள் பேச வேண்டிய மாநாட்டுக்கு வேறொருவர் போனார். அவளோ எக்ஸ்கதிரில் தகட்டைச் சோதித்து, பிழை எங்கே என்று கண்டுபிடித்துவிட்டாள். கையெழுத்து யாருடையது என்று அவளுக்குத் தெரியாதா?

தேத்தண்ணி குடிக்கும்போது, “நீயே சொல்லுவன்னு பாத்தேன், சாந்தி” என்றாள். கோபமே இல்லை.

“நாளைக்குக் கூட்டத்துல சொல்றேன்” என்றேன்.

சொல்லவில்லை. வேலை போய்விடும் என்ற பயம். ராணி எல்லாத் தகடுகளையும் முதலிலிருந்து வளர்த்தாள். மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. ஊர் திரும்பிய பிறகும் தீபாவளிக்கு அவளேதான் முதலில் அழைப்பாள். ஒவ்வொரு முறையும் மன்னிப்புக் கேட்க வாயெடுத்து, பலகாரத்தைப் பற்றிப் பேசினேன்.

இதை வாசிக்கும் பழைய கூட்டாளிகளே, அன்று பிழை விட்டவள் ராணி அல்ல, நான். அவளிடமிருந்து நான் வைத்திருப்பது ஒன்றுதான்: என்னைக் காட்டிக் கொடுக்காமல் அவள் தந்த அவகாசம். இத்தனை வருடம் அதை வீணாக்கி, அவள் கேட்க முடியாத இன்றைக்குச் சொல்கிறேன்.