கதவைப் பூட்டிய வாஜித்

வாஜித் என் சின்னம்மா மகன், எனக்குத் தம்பி முறை. சங்ககிரியில் லாரி ஓட்டிப் பிழைத்தவர்கள் தெருவுக்குத் தெரு உண்டு. ஆனால் இவனைப் போல எதையும் நம்பாமல் ஓட்டியவனை நான் பார்த்ததில்லை. வழியில் சாப்பிட இறங்கினால் டீசல் டேங்க் மூடியின் மேல் ஒரு துரும்பை வைத்துவிட்டுத்தான் போவான். திரும்பி வரும்போது துரும்பு கீழே கிடந்தால் காற்றடித்தது என்று எடுத்துக்கொள்ள மாட்டான், குச்சி விட்டு அளந்து பார்ப்பான். தார்ப்பாய்க் கயிற்றின் கடைசி முடிச்சைத் தனக்கு மட்டும் தெரிகிற மாதிரி இடப்பக்கம் முறுக்கி விடுவான். எவனாவது அவிழ்த்துக் கட்டியிருந்தால் முடிச்சே காட்டிக் கொடுத்துவிடும்.

அவனுடைய அத்தா இப்படியில்லை. வழியில் கை காட்டினவனையெல்லாம் ஏற்றிக்கொண்டு வருகிற மனுசர். அவருக்கு இப்படியொரு பிள்ளை எப்படிப் பிறந்தது என்று எங்கள் சின்னம்மாவே சிரிப்பாள்.

முழங்கால் கெட்டபிறகு வாஜித் தூர ஓட்டத்தை விட்டுவிட்டு, அக்கம்பக்கத்து லோடு மட்டும் ஏற்றிக்கொண்டு, பைபாஸ் ஓரத்தில் தார்ப்பாய் தைக்கிற கடை போட்டான். கடைக்குப் பின்னாலேயே வீடு, வீட்டுக்குப் பக்கத்திலேயே லாரிகள் நிற்கிற வெற்றிடம். அவன் மகள் ஆலியா பந்து போடப் பழகியது அங்கேதான். நிறுத்தி வைத்த இரண்டு லாரிகளுக்கு நடுவே ஓடி வருவாள், எதிரே நிற்க வைத்த பழைய டயர்தான் ஸ்டம்ப். வாஜித் கோலமாவால் ஒரு கோடு போட்டு, அதன் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, அவள் முன்னங்காலையே பார்ப்பான்.

"தாண்டிருச்சு. மறுக்காப் போடு."

"தாண்டல அத்தா! நூல் எடம் இருக்குது பாருங்க."

"உன்ற காலை நீயே பாத்துச் சொன்னா நான் எப்படி நம்பறது?"

பெற்ற மகளின் காலைக்கூட நம்பாதவன். இன்றைக்கு அவ்வளவு வேகமாக ஓடி வந்தும் அவள் கால் கோட்டைத் தாண்டுவதில்லை என்றால், அந்தக் கோலமாவுக் கோட்டில் பழகியதுதான் காரணம். யாரும் அதைக் கேட்டு எழுதவில்லை.

பெண்கள் கிரிக்கெட் லீக்கில் கோயமுத்தூர் பக்கத்து அணி ஒன்று ஆலியாவை ஏலத்தில் எடுத்தபோது டீக்கடை நாச்சிமுத்து கடைக்கே வந்து கேட்டான். "ஏனுங்க பாய், நாமகிரிப்பேட்டைல மஞ்சள் மூட்டைய விடற மாதிரி புள்ளைய ஏலம் உட்டாங்களாமே?"

"மஞ்சளா இருந்தா ஒடச்சுப் பாத்துருப்பாங்க. என்ற புள்ளைய அவங்களால ஒடைக்க முடியாது. போய் டீய ஆத்து" என்றான் வாஜித். அன்றைக்கு அவன் முகத்தில் இருந்த சிரிப்பை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

அப்புறம் டிவிக்காரர்கள் வந்தார்கள். வந்த பெண்ணின் பெயர் மைதிலி. வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டு, வாஜித்தின் பெண்சாதி சாதியாவிடம் "அம்மா, பசிக்குதுங்க" என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்ட பெண். கேமராக்காரன் சாதியாவைக் கறுப்பு முக்காடு போட்டு ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நிற்கச் சொன்னான். அவள் எப்போதும் போடுவது பூப்போட்ட சேலை முந்தானைதான். "வெளிச்சம் அங்கதான்மா நல்லாருக்கு" என்றான். அப்போதே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. வீட்டில் அதைவிட வெளிச்சமான இடம் கொல்லைப்புறம்.

ஆயுசு முழுக்க ஒருவரையும் நம்பாத வாஜித், தன் வீட்டுச் சோற்றைச் சாப்பிட்ட அந்தப் பெண்ணை நம்பிவிட்டான்.

"அங்கிள், ஆலியாவ எப்பவாச்சும் வெளையாடப் போகக் கூடாதுன்னு சொன்னதுண்டா?"

"ஏன் இல்லாம? ஒரு தடவ ஊட்டைப் பூட்டிச் சாவிய பெல்ட்டுல போட்டுக்கிட்டேனுங்க!" என்று இடுப்பில் இருந்த பச்சை பெல்ட்டைத் தட்டிக் காட்டிச் சிரித்தான்.

எங்கள் சொந்தத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை அது. ஓமலூரில் மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கிற நாளில் ஆலியாவுக்கு டெங்குக் காய்ச்சல். நிற்க முடியாமல் விழுகிறாள், ஆனாலும் ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்புகிறாள். பிடித்துப் படுக்க வைத்தால் மறுபடியும் எழுந்து ஓடுகிறாள். வேறு வழியில்லாமல் வாஜித் சாதியாவை உள்ளே துணைக்கு விட்டு, வெளியே வந்து கதவைப் பூட்டினான். கல்யாண வீட்டில், பெருநாள் விருந்தில் என்று இதைச் சொல்லாத இடமில்லை. மைதிலிக்கும் காய்ச்சல் முதல் குளுக்கோஸ் பாட்டில் வரை முழுதாகவே சொன்னான்.

டிவியில் வந்தபோது தெருவே எங்கள் வீட்டில் கூடியிருந்தது. தடைகளைத் தாண்டி என்று பெயர் போட்டார்கள். சோகமாக ஒரு புல்லாங்குழல். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் கறுப்பு முக்காட்டில் சாதியா. அடுத்து வாஜித்: "ஊட்டைப் பூட்டிச் சாவிய பெல்ட்டுல போட்டுக்கிட்டேனுங்க." அந்தச் சிரிப்போடுதான் வந்தான். புல்லாங்குழலோடு சேர்த்துப் பார்த்தால் அந்தச் சிரிப்பு எனக்கே பயமாக இருந்தது. காய்ச்சலைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. அப்புறம் ஆலியா: "அத்தா பூட்டுனா பூட்டுனதுதான். ஜன்னல் கம்பியப் புடிச்சுக்கிட்டு அழுதேன்."

அதே நிகழ்ச்சியில், அதே அணியில் மட்டை பிடிக்கிற தனப்பிரியாவையும் காட்டினார்கள். ராசிபுரத்துத் தறிக்காரர் குமரனின் மகள். அவள் மணிக்கட்டு எப்படித் திரும்புகிறது, எந்தப் பந்தை எப்படி அடிக்கிறாள் என்றெல்லாம் மெதுவாக ஓட்டிக் காட்டினார்கள். கடைசியில் குமரன் மகளுக்கு லட்டு ஊட்டினார். அவரிடம் யாரும் பூட்டைப் பற்றிக் கேட்கவில்லை.

மறுநாள் நாச்சிமுத்து டீயை நீட்டி, "சாவி பத்திரங்களா பாய்?" என்றான். வாஜித் டம்ளரைத் தொடாமல் திரும்பி வந்துவிட்டான். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வருகையில் எங்கள் ஆள் ஒருவரே அவன் கையைப் பிடித்து, "பொட்டப்புள்ளைய அப்படித்தான் கண்டிக்கோணும், நல்லாச் சொன்னீங்க" என்றார். நாச்சிமுத்துவின் கேலியைவிட அந்தப் பாராட்டுத்தான் அவனைக் குத்தியது.

மைதிலி போனில், "எடிட்டிங்ல அப்படிப் பண்ணிட்டாங்க அங்கிள், எனக்கே தெரியாது" என்றாள். இவன் நம்பவில்லை. ஆனால் அவனைத் தின்றது அதுவும் அல்ல.

"நசுருல்லாண்ணே, நான் பேசுனத வெட்டிட்டாங்க, சரி. அவ பேசுனதும் வெட்டுனதுதானா? இல்ல, மனசுல இருந்ததத்தான் சொன்னாளா?"

"போனப் போட்டு அவளையே கேளேன்டா."

"கேட்டா இல்லைன்னுதான் சொல்லுவா. அத எப்படி நம்பறது?"

ஆலியா தினமும் கூப்பிடுவாள். சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், சரி. அவ்வளவுதான் பேச்சு. அவள் நிகழ்ச்சியைப் பற்றி வாயே திறக்கவில்லை. திறக்காததே இவனுக்குச் சாட்சியாகப் போய்விட்டது.

இதற்கிடையில் அணியிலிருந்து ஒருவர் பேசினார். கோயமுத்தூரில் நடக்கப்போகும் ஆட்டத்துக்குக் கார் அனுப்புகிறார்களாம். ஆட்டம் முடிந்ததும் வாஜித் மைதானத்துக்குள் போய் மகளைக் கட்டிப்பிடிக்க வேண்டுமாம், அப்பா மனசு மாறிவிட்டார் என்று படம் எடுத்துப் போடுவார்களாம்.

"போனா மனசு மாறுனவன். போகலைன்னா இன்னும் மாறாதவன். எப்படிப் பாத்தாலும் பூட்டு என் கையிலதான் இருக்குதுண்ணே" என்றான். போகாமல் இருப்பது என்றுதான் முடிவு செய்திருந்தான். மகள் விளையாடுவதை முதல் முறையாகப் பெரிய மைதானத்தில் பார்த்திருக்க வேண்டிய நாள் அது.

ஒரு மத்தியானம் கடை முன்னால் கார் ஒன்று நின்றது. இறங்கியவர் குமரன். கூடவே விரலில் கட்டுப் போட்ட தனப்பிரியா. விரல் பிசகியதால் கோயமுத்தூரிலிருந்து ஊருக்கு அழைத்துப் போகிறார், வழியில் எங்கள் பைபாஸ்.

வாஜித் முதலில் காருக்குள் கேமரா இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தான். "வாங்க. போனை அணைச்சு இந்த மேசை மேல வெச்சுட்டு உக்காருங்க."

குமரன் பாவம், ஒன்றும் கேட்காமல் அணைத்து வைத்தார். அவர் முகச்சாடையைப் பார்த்ததும் எனக்குப் பிடிபட்டது. "நீங்க அத்தாயியம்மா அண்ணன் பையனுங்களா?" என்றேன். ஆமாம் என்றார். அந்த அம்மாளை எங்கள் தெருவில்தான் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவளுடைய தலைப்பிரசவத்துக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தவள் எங்கள் சின்னம்மா, வாஜித்தின் தாய். இதைச் சொன்னபிறகுதான் வாஜித் போனை எடுத்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தான்.

"பாய், எனக்குத் தூக்கம் வரலைங்க" என்று குமரன் ஆரம்பித்தார். "புள்ளையத் தடுத்தது நானுங்க. மட்டை, பேடு எல்லாத்தையும் நூல் வெக்கற ரூம்ல போட்டுப் பூட்டுனேன். ஒரு வருசம் இவகூடப் பேசல. டிவிக்காரங்க என்கிட்ட என்ன கேட்டாங்க தெரியுங்களா? உங்க பொண்ணு கைவேகம் எங்கிருந்து வந்துச்சு சார்னு கேட்டாங்க. தறி ஓட்டற குடும்பம்னேன், கை தட்டுனாங்க. உங்களக் கேட்டதை என்னைக் கேக்கவே இல்லீங்க."

வாஜித் தார்ப்பாய் ஊசியைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தான். பிறகு தனப்பிரியாவைப் பார்த்து, "ஆலியா பேசறப்ப நீ இருந்தியா சாமி?" என்றான். 

"பக்கத்துலதான் இருந்தேன் மாமா. காய்ச்சல் கதைய உங்கள மாதிரியே பெல்ட்டத் தட்டிச் சொன்னா. கேமராக்காரர்கூடச் சிரிச்சாரு. கடைசியா ஓமலூர் சொன்னப்பதான் அவளுக்கே அழுகை வந்துருச்சு."

"ஓமலூர் என்ன?"

"நீங்க கதவப் பூட்டிட்டுக் காலி லாரிய எடுத்துக்கிட்டு ஓமலூர் கிரவுண்டுக்குப் போனீங்களாமே? புள்ளைக்குக் காய்ச்சல், இன்னொரு நாள் பாருங்கன்னு செலக்டர்கிட்டக் கேட்டு நின்னீங்களாமே? அவங்க முடியாதுன்னதுக்கு அப்புறமும் தார்ப்பாய்க் கயித்தக் கையில வெச்சுக்கிட்டு சாயங்காலம் வரைக்கும் வேலியோரமா நின்னீங்களாம்."

இது எங்கள் சொந்தத்தில் ஒருவருக்கும் தெரியாத கதை. எனக்கே தெரியாது. டீ கொண்டு வந்த சாதியா தட்டோடு நின்றுவிட்டாள். "லோடு ஏத்தப் போறேன்னுட்டுத்தானே போனீங்க! ஊரையெல்லாம் சந்தேகப்பட்ட மனுசன நான் ஒரு நாளாச்சும் சந்தேகப்பட்டிருக்கோணும்."

"அவளுக்கு யாரு சொன்னது?" என்றான் வாஜித்.

"அந்த செலக்டர் மேடமே அடுத்த வருசம் சொன்னாங்களாம். லாரியோட வந்து நின்ன ஆளு மகளா நீன்னு கேட்டாங்களாம்."

வாஜித் எழுந்து, தொங்கிக்கொண்டிருந்த தார்ப்பாய்க்குப் பின்னால் போய் எதையோ தேடுகிறவன் போல வெகுநேரம் நின்றான். நாங்கள் டீயைக் குடித்தோம். வந்ததும் குமரனிடம் கேட்டான்: "கோயமுத்தூர் ஆட்டத்துக்கு டிக்கெட் காசு குடுத்து வாங்கலாங்களா?"

அணியின் கார் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, குமரனின் காரிலேயே போனோம். டிக்கெட் அசல்தானா என்று வாஜித் வெயிலில் தூக்கிப் பார்த்தான். பொது கேலரியில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் மைதிலி எங்களைக் கண்டுபிடித்து வந்துவிட்டாள், கூடவே கேமரா.

"அங்கிள், இப்ப ஆலியா வெளையாடறத ஏத்துக்கிட்டீங்களா?"

வாஜித் எழுந்து நின்று குமரனின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினான். "இவரக் கேளுங்க."

"பொண்ணத் தடுத்த அப்பன் நானுங்க" என்று குமரன் கேமராவைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னார். "மட்டையெல்லாம் நூல் ரூம்ல போட்டுப் பூட்டுனேன். எம் பேரு குமரன், ராசிபுரம்."

கேமரா மெதுவாகக் கீழே இறங்கியது. "சார், அது வேற ஸ்டோரி" என்றாள் மைதிலி.

"ஒரே ஸ்டோரிதானுங்க. ஆளத்தான் மாத்திப் போட்டுட்டீங்க" என்றார் குமரன்.

அவர்கள் போய்விட்டார்கள். ஆட்டம் நடந்தது. ஆலியா ஓடி வந்தாள், முன்னங்கால் கோட்டுக்கு இப்பால் விழுந்தது, ஸ்டம்ப் பறந்தது. பிறகு எல்லைக் கோட்டுக்குக் காவலாக எங்கள் பக்கம் வந்து நின்றபோது எங்களைப் பார்த்துவிட்டாள்.  இடுப்பில் இல்லாத பெல்ட்டைத் தட்டி, காற்றில் ஒரு சாவியைத் திருகிக் காட்டினாள். வாஜித் வாய் விட்டுச் சிரித்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தான்.

ஆட்டம் முடிந்ததும் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள்.

"ஓமலூரு சங்கதி தெரிஞ்சும் இத்தன வருசம் ஏன் சொல்லல?" என்றான்.

"லோடுக்குப் போறேன்னீங்க. நான் நம்பிட்டேன்னு நெனச்சீங்க. எதையும் நம்பாத ஆளு, அத மட்டும் எப்படி அத்தா நம்புனீங்க?"

"டிவியில வந்ததப் பத்தியும் பேசல."

"நீங்க என்ற மேல சந்தேகப்படுவீங்கன்னு எனக்குத் தெரியும். போன்ல சொன்னா நம்ப மாட்டீங்க. நேர்ல வருவீங்கன்னு இருந்தேன்."

மறுநாள் காலையில் நாச்சிமுத்து டீயோடு போனையும் நீட்டினான். யாரோ தூரத்திலிருந்து எடுத்திருக்கிறார்கள். ஆலியா பந்து போடுகிறாள், ஸ்டம்ப் பறக்கிறது, கேலரியில் வாஜித் சிரிக்கிறான். கீழே கொட்டை எழுத்தில், மனம் மாறினார் தந்தை.

"மனசு மாறிட்டீங்களாமே பாய்?"

 வாஜித் டம்ளரைக் கீழே வைத்தான். "முதல்ல இருந்து ஓட்டு" என்றான். ஆலியா ஓடி வந்து கால் ஊன்றுகிற இடத்தில், "நிறுத்து, நிறுத்து" என்றான். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, திரையில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தான்.

"கால் உள்ளதான் இருக்குது" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான்.