வளரவில்லை என்று எழுத மாட்டேன்

ஜெர்மனியில், நொய்கெல்ன் என்ற பகுதியில் நான் வேலை பார்த்த லேபில் ஒரு தடித்த கட்டணப் புத்தகம் உண்டு. ஒவ்வொரு பரிசோதனைக்கும் அதில் ஒரு எண். ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பாட்டிலில் கல்ச்சர் வைத்து, ஒன்றும் வளராவிட்டால் ஒரு எண். கிருமி வளர்ந்து, அது இன்னதென்று கண்டுபிடித்து, எந்த மருந்துக்குச் சாகும் என்றும் பார்த்தால் வேறு எண்கள். நோயாளியின் சீட்டில் எண்ணை எழுதினால்தான் காப்பீட்டுக்காரர்கள் பணம் தருவார்கள். எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று அர்த்தம். பாட்டில் நேரே ஆட்டோகிளேவ் என்ற நீராவிக் கொப்பரைக்குப் போய் வெந்துவிடும்.

அந்தச் சீட்டு மூன்று மாதத்துக்குத்தான் செல்லும். அதனால் காலாண்டின் கடைசி நாளில் எங்கள் லேப், தீபாவளிக்கு முந்தின நாள் தையற்கடை மாதிரி ஆகிவிடும். இன்குபேட்டரில் நாலைந்து நாள்தான் ஆகியிருக்கும். பாட்டில் தெளிவாகத் தெரிந்தால் ‘வளரவில்லை’ எண்ணைப் போட்டு மூடிவிடுவோம். ஒளிக்காமல் சொல்கிறேன், நானும் மூன்று காலாண்டு அப்படி எழுதியிருக்கிறேன். யார் யாருடைய ரத்தம் என்று நினைவில்லை. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

எழுபதுகளின் தொடக்கத்தில், ஒரு ஜூன் மாதக் கடைசியில், கேபிள் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஒரு துருக்கிக்காரர் ரத்தம் கொடுக்க வந்தார். அவருடைய ஜெர்மனும் அரைகுறை, என்னுடையதும் அரைகுறை. அதனாலேயே நன்றாகப் பேசிக்கொண்டோம். வாரக்கணக்காகக் காய்ச்சல் வருவதும் போவதுமாக இருந்ததாம். சட்டையைப் பிழியும் அளவுக்கு வியர்வை, தாங்க முடியாத இடுப்பு வலி. ஆனால் தொழிற்சாலை டாக்டர் பார்க்கிற நேரம் பார்த்துக் காய்ச்சல் இறங்கிவிடும். நடிக்கிறான் என்று அவர் எழுதிவைத்துவிட்டார். இந்தப் பரிசோதனையிலும் ஒன்றுமில்லை என்று வந்தால் வேலை போகும், வேலை போனால் இங்கே தங்கும் அனுமதியும் போகும்.

லீவில் ஊருக்குப் போனபோது என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். அம்மா காய்ச்சாத ஆட்டுப்பாலில் செய்த சீஸ் என்றார். எனக்குப் பொறி தட்டியது. ஜெர்மனிக்கு வருமுன் சென்னையில் கால்நடை லேப் ஒன்றில் இரண்டு வருஷம் இருந்தவள் நான். ஆட்டுப்பாலில் வரும் அந்தக் கிருமியை எனக்குத் தெரியும். மகா சோம்பேறி. வளர்வதற்கு இரண்டு வாரம், மூன்று வாரம்கூட எடுக்கும்.

நாலாம் நாள் காலாண்டு முடிந்தது. லேபின் கணக்குப் பிரிவுத் தலைவி துருக்கிக்காரருடைய சீட்டைக் கேட்டு வந்தார். நல்ல மனுஷிதான், என் குழந்தைக்குக் கம்பளிச் சட்டை பின்னிக் கொடுத்தவர். ஆனால் கட்டணப் புத்தகம் அவருக்கு வேதம். இன்றைக்கு எண்ணைப் போடு, வேண்டுமானால் புதுச் சீட்டு வாங்கிப் புது ரத்தம் எடு என்று பொறுமையாக விளக்கினார். ஒன்றுமில்லை என்று நாங்கள் எழுதி அனுப்பியபின் அந்த மனுஷனுக்குப் புதுச் சீட்டு எவன் கொடுப்பான்? எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வந்தது. கத்தவில்லை. கத்தினால் என் ஜெர்மன் உடைந்துவிடும்.

“வளர அவகாசமே கொடுக்காமல் வளரவில்லை என்று எழுத மாட்டேன்,” என்றேன். சீட்டு என் கோட்டுப் பைக்குள் இருந்தது.

விஷயம் லேபின் பெரிய டாக்டரிடம் போனது. எத்தனை நாள் வேண்டும் என்றார். மூன்று வாரம் என்றேன். முடிவு இன்னும் வரவில்லை என்று அந்த ஆளை அனுப்பிய டாக்டருக்கு எழுதுங்கள், கட்டணம் போனால் போகட்டும் என்றவர், ஒரு நிபந்தனையும் போட்டார். ஒன்றும் வளராவிட்டால் அதை அந்த ஆளிடம் நான்தான் நேரில் சொல்ல வேண்டும்.

அந்தப் பாட்டிலின் உள்சுவர் ஒன்றில் அகார், அதாவது கிருமி வளர்க்கும் கூழ், படிந்திருக்கும். தினமும் காலையில் சாய்த்து, ரத்தம் கலந்த திரவத்தால் அதை நனைத்து, திரும்ப நிமிர்த்தி வைப்பேன். இந்தியாக்காரியின் ஊறுகாய் என்று கூட வேலை செய்தவர்கள் பெயர் வைத்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன். பன்னிரண்டாம் நாளும் அகாரில் ஒன்றுமில்லை. துருக்கிக்காரர் இரண்டு முறை வந்து கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றார். உதட்டைப் பிதுக்கி, இன்னும் இல்லை என்று கை காட்டினேன்.

பதினாறாம் நாள் அகாரில் ரவையைவிடச் சின்னதாக நாலு புள்ளிகள். முகமூடி கட்டிக்கொண்டு ஒன்றைச் சாயமேற்றிப் பார்த்தேன். மைக்ராஸ்கோப்பில் பொடிப்பொடியாகச் சிவப்புத் துகள்கள். அடேயப்பா! பெரிய டாக்டரைக் கூப்பிட ஓடினேன். அவர் அந்தக் கிருமியை அடையாளம் காட்டும் சீரம் வரவழைத்துச் சோதித்து, அதுவேதான் என்று உறுதி செய்தார். தொழிற்சாலைக்குக் காட்ட அவரே கடிதம் எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

அந்த மனுஷனைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். இது மால்டா காய்ச்சல், மருந்து இருக்கிறது, பல வாரம் விடாமல் சாப்பிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனேன். அவர் காதில் எதுவும் விழுந்த மாதிரித் தெரியவில்லை.

“அப்போ நான் நடிக்கலையா?” என்று கேட்டார்.

“நடிக்கலை,” என்றேன்.

இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இப்போதே தொழிற்சாலைக்குப் போங்கள், ஷிப்ட் முடியுமுன் டாக்டரைப் பிடித்துவிடலாம் என்றேன். அவர் மாட்டேன் என்று தலையசைத்தார். முதலில் வீட்டுக்குப் போக வேண்டுமாம். அவருடைய மனைவியும் நம்பவில்லையாம்.