கால் சில்லிட்டால் நரம்பு போச்சா?

போன வாரம் என் வாய் ஒரு பெண்ணின் வேலைக்கு உலை வைக்கப் பார்த்தது. அந்தக் குற்றத்தை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

உத்திரமேரூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஓர் ஆராய்ச்சி முகாம். பூச்சிமருந்து அடிக்கிற வயல்களில் வேலை செய்கிறவர்களின் நரம்பு பாதிக்கப்படுகிறதா என்று பார்க்க, ஒரு டாக்டரம்மா மெஷினோடு வந்திருந்தார். ஒப்புதல் படிவத்தைப் புரிகிற மாதிரி படித்துச் சொல்ல ஆள் வேண்டுமாம். நான் போனேன்.

சோதனை சிம்பிள்தான். பாதத்தில் ஒயர் ஒட்டுவார்கள். முட்டிக்குக் கீழே 'சுருக்'கென்று குட்டியாக ஒரு ஷாக். அது நரம்பு வழியாக எவ்வளவு வேகத்தில் பாதத்துக்குப் போகிறது என்று திரையில் நம்பர் வரும்.

மார்கழி மாதம், நடவு நேரம். விடிந்ததிலிருந்து சேற்றில் நின்ற பதினோரு பெண்கள் நாஷ்டாவுக்கு விட்டதும் நேராக முகாமுக்கு வந்தார்கள். டாக்டர் முன்னால் சேற்றுக் காலை நீட்டலாமா? வாசல் குழாயில் முட்டி வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டுதான் உள்ளே நுழைந்தார்கள். எனக்கோ ஒரே பெருமை... எவ்வளவு மரியாதை தெரிந்த ஜனங்கள்! அந்த மரியாதைதான் கழுத்தை அறுத்தது.

கடைசியாக உட்கார்ந்தவர் அஞ்சலை. டாக்டரம்மா திரையைப் பார்த்துவிட்டு, "இவங்களுக்கும் ஸ்லோவா இருக்கு... நரம்பு பாதிச்சிருக்கும் போல" என்று என்னிடம் முணுமுணுத்தார்.

நான் சும்மா இருந்தேனா? "அஞ்சலை, உனக்கு நரம்பு வீக்காம்மா!" என்று கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி அறிவித்தேன்.

நடவுக்கு ஆள் கூட்டிப்போகும் மேஸ்திரி வாசலிலேயே நின்றிருந்தார்.

"அப்போ நாளைலருந்து நீ வூட்லயே இரு அஞ்சல. சேத்துல வுயுந்து கியுந்து வெச்சின்னா யாரு பதில் சொல்றது?"

அவ்வளவுதான். ஒரு நம்பர், ஒரு ஓட்டை வாய் – வேலை போயிற்று.

அஞ்சலை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"இன்னொரு வாட்டி எடும்மா."

"ஒருத்தருக்கு ஒரு தடவைதாம்மா. அப்படித்தான் ரூல்."

"இன்னா ரூலு? காத்தாலருந்து தண்ணில நின்னுக்கினு இருந்தேன். காலு ஐஸ் மாறி கீது, தொட்டுப் பாரு. மார்கழில மொபெட்டே நாலு ஒதை ஒதைச்சாத்தான் கெளம்புது. அதுக்காவ வண்டி போச்சின்னு காயலாங்கடைல போட்டுருவியா? நீ எடுக்கற வரிக்கும் நான் எய்ந்திரிக்க மாட்டேன்."

டாக்டரம்மா தொட்டுப் பார்த்தார். முகம் மாறியது. குளிர்ந்த காலில் நரம்பு மெதுவாகத்தான் வேலை செய்யும் – அவர் படிக்காத பாடமில்லை. தோலின் சூட்டை அளக்கும் கருவிகூடக் கொண்டுவந்திருந்தார். அது பெட்டியை விட்டு வெளியே வரவேயில்லை. அவர் வழக்கமாகச் சோதிக்கிற மருத்துவமனைக்கு யார் வயலிலிருந்து நேராக வருகிறார்கள்?

அஞ்சலை வெந்நீரில் காலை வைத்தார். துடைத்துக்கொண்டு அரை மணி நேரம் வெயிலில் நீட்டி உட்கார்ந்தார். இந்த முறை சூட்டை அளந்துவிட்டு மெஷினைப் போட்டார்கள். நார்மல்!

டாக்டரம்மாவைப் பாராட்டத்தான் வேண்டும். காலையில் எடுத்த அத்தனை நம்பரையும் அங்கேயே கோடு போட்டு அடித்தார். மற்ற பத்துப் பேரையும் வெயிலில் உட்காரவைத்து மறுபடி எடுத்தார். ஒன்பது பேருக்கு நார்மல். ஒருவருக்கு மட்டும் சூடான பிறகும் மெதுவாகவே வந்தது. அவருக்கு இப்போது சிகிச்சைக்கு ஏற்பாடு நடக்கிறது. முதல் நம்பர்களை நம்பியிருந்தால், அவரும் கூட்டத்தோடு கூட்டமாகக் காணாமல் போயிருப்பார்.

இதில் கூத்து என்ன தெரியுமா? ஒப்பிட்டுப் பார்க்க, வயலில் இறங்காத வாலாஜாபாத் கடைக்காரர்களுக்கு ஏற்கெனவே இதே சோதனையை எடுத்திருந்தார்கள் – மத்தியானத்தில், சாப்பாட்டுக்குப் பிறகு, கதகதப்பான கால்களோடு! பழி முழுக்கப் பூச்சிமருந்து மேல் விழுந்திருக்கும். குற்றவாளி சில்லென்ற தண்ணீர்.

மெஷின் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தலையாட்டியே பழகிவிட்டோம். எனக்கு இப்போது கோபமாக வருகிறது – முதலில் என் மேல். ஒரே ஒரு தடவை அளந்துவிட்டு ஒருத்தியை நோயாளி என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது? டாக்டருக்கு இல்லை, மேஸ்திரிக்கு இல்லை, எனக்குச் சுத்தமாக இல்லை. உங்கள் உடம்பைப் பற்றி யாராவது நம்பர் சொன்னால், வெட்கப்படாமல் கேளுங்கள்: எப்படி எடுத்தீர்கள்? இன்னொரு தடவை எடுத்தீர்களா?

அன்று நார்மல் என்று வந்ததுமே நான் அஞ்சலையிடம் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். மேஸ்திரி தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி, நாளைக்கி வந்துரு" என்றார்.

"வரேன். வராம எங்க போவப் போறேன்?" என்று எழுந்த அஞ்சலை, நாற்காலியை அவர் பக்கம் தள்ளினார். "நீ உக்காரு மேஸ்திரி. உன் நரம்பு எப்டி கீதுன்னு நாங்களும் பாக்கறோம்."

மேஸ்திரி உட்காரவில்லை. அவருக்கு ஷாக் என்றால் பயமாம்!