பெயரில்லாத நான்கு அம்புகள்

ஐலா ரௌத்தியோவுக்கு வயது அறுபத்தொன்று. வடக்குப் பின்லாந்தில் எங்கள் நகராட்சியின் இணையப் பக்கங்களில் எழுத்துகளைத் திருத்துவது அவள் வேலை. எழுத்து மட்டும். நிறம், படம், வடிவம் எல்லாம் எதிர் மேசை யெஸ்ஸேயுடையவை. பிறர் விட்ட காற்புள்ளிகளை இருபத்திரண்டு வருடமாகப் போட்டுக் களைத்துப் போனவள். கறுப்பு ரொட்டியும் ஆறிய காப்பியும் முடித்தபின் யாரிடமும் பேசத் தெம்பிருக்காது.

ஒரு செவ்வாய்க்கிழமை உர்ஹோ கெம்பைனென் ஐலாவுக்குப் போன் செய்தார். பார்வையில்லாதவர். வீடு வீடாகப் போய் மசாஜ் செய்கிறவர். நகராட்சி அவருக்குத் தரும் டாக்சி அனுமதி வியாழனோடு முடிகிறது. இணையப் பக்கத்தில் விண்ணப்பித்துப் புதுப்பிக்காவிட்டால் பனியில் நடைதான்.

"ஏம்மா, விண்ணப்பத்தோட கடைசிப் பக்கத்துல நாலு பொத்தான் இருக்கு. நாலையும் என் கம்ப்யூட்டர் 'பொத்தான்'னு மட்டுந்தான் படிக்குது. சட்டை மாட்டுற மாதிரி தடவிக்கிட்டு உக்காந்திருக்கேன்."

"அது அம்புக்குறிங்க. இப்ப மூணாவதை அமுக்குங்க, போயிடும்."

"போன தடவை ரெண்டாவதுன்னு சொன்னீங்க. நடுவுல யாரோ இடத்தை மாத்திட்டாங்க. நேத்து அமுக்கினேன், நாப்பது நிமிஷம் எழுதினது மொத்தமும் போச்சு. எனக்கு இடம் சொல்லாதீங்கம்மா, பேர் சொல்லச் சொல்லுங்க. வியாழன் வரைக்கும் பாப்பேன். இல்லன்னா நடந்துக்கறேன்."

ஐலா யெஸ்ஸேயிடம் போனாள்.

"அது வடிவமைப்பு, ஐலா. உன் வேலை இல்ல. அம்புன்னா எல்லாருக்கும் புரியும். நம்ம மொழியில ஒவ்வொரு சொல்லும் ரயில் நீளம், பொத்தானுக்குள்ள எங்க நுழையும்?"

"எல்லாருக்கும்னா, யார் யாருக்கு?"

"மனு போடு. மூணு வாரத்துல பாக்கறோம்."

கண்ணுள்ளவர்கள் கூடிக் கண்ணுள்ளவர்களுக்கென்று ஒன்றைக் கட்டுகிறார்கள். அதற்கு எளிமை என்று பெயர் வைக்கிறார்கள். வெளியே நிற்பவன் மனுப் போட வேண்டும். அந்த மனுவின் கடைசிப் பக்கத்திலும் அதே நான்கு அம்புகள்.

புதன்கிழமை ஐலா அந்தப் பக்கத்தின் உள்ளே போய்ப் பார்த்தாள். அம்புகள் படங்களாக இருந்திருந்தால் அவள் கைக்கு எட்டியிருக்காது. ஆனால் யெஸ்ஸே அவற்றை யூனிகோடு பட்டியலிலிருந்து எடுத்து எழுத்துக்கான கட்டத்தில் ஒட்டியிருந்தான். ஒவ்வோர் எழுத்துக்கும் எண் இருப்பதுபோல ➔ என்பதற்கும் ஓர் எண் உண்டு: 2794. அவள் 'அனுப்பு ➔' என்று தட்டினாள். மற்ற மூன்றுக்கும் முன்னால் 'திரும்பு', 'அழி', 'சேமி' என்று சேர்த்தாள். அம்புகளை அப்படியே விட்டுவைத்தாள்.

"என்னைக் கேக்காம மாத்திட்டியா?" என்றான் யெஸ்ஸே.

"2794. எழுத்துக் கட்டத்துல இருந்துச்சு. அங்க இருக்கறது என் வேலை."

அவன் திரையைப் பார்த்தான். பிறகு காப்பிக்குப் போனான்.

வியாழன் மதியம் உர்ஹோ மறுபடி கூப்பிட்டார். "பேர் சொல்லுதும்மா. அனுப்பிட்டேன். அன்னைக்கு நான் அமுக்கினது 'அழி'யாம், இப்பத்தான் தெரியுது."

திங்கட்கிழமை பக்கத்தின் புதுப் பதிப்பு வந்தது. சொற்கள் போய், அம்புகள் மட்டும் நின்றன. ஐலா கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்து நான்கு சொற்களையும் திரும்பத் தட்டினாள்.

"இப்படியே எத்தனை நாளைக்கு?" என்று பக்கத்து மேசையிலிருந்து நான் கேட்டேன்.

"ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை பதிப்பு வருது. நான் ஓய்வு பெற இன்னும் நாலு வருஷம் இருக்கு," என்றாள். பிறகுதான் கோட்டைக் கழற்றினாள்.